பம்புக்குள்ளே போன கம்ப்யூட்டர்: கோவைப் பட்டறைகளின் அடுத்த ரோட்டர்

போன தீபாவளி லீவில் மாமா ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உள்ளே, எரிந்துபோன ஒரு சோலார் பம்ப் கன்ட்ரோலர். அவருடைய பட்டறைக்குப் பக்கத்தில் வைண்டிங் கடை வைத்திருப்பவரிடம் ரிப்பேருக்கு வந்ததாம். "சாப்ட்வேர்லதான இருக்கறே. இதுக்குள்ள என்ன இருக்குதுன்னு பாத்துச் சொல்லு மாப்ளே" என்றார்.

நான் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். மின்மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒரு வருடத்தில் படித்ததும், மாமாவிடமும் அந்த வைண்டரிடமும் கேட்டதும்தான். இருந்தாலும் ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தோம். பவர் மாட்யூல் ஜப்பான் கம்பெனியுடையது. கெப்பாசிட்டர்கள் சீனாவிலிருந்து. நடுவில் இருந்த மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் மேல் அச்சடித்திருந்த எண்ணை, யாரும் காப்பி அடிக்கக் கூடாது என்று உப்புத்தாள் போட்டுச் சுரண்டிவிட்டிருந்தார்கள். மாமா போர்டைப் பார்க்கவே இல்லை. வெளியே இருந்த அலுமினியக் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். "இது நம்மூர்ல ஊத்துனது" என்றார். கொஞ்சம் கழித்து, "அப்பொ டப்பா மட்டுந்தான் நம்முளுதா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. "உற்பத்தித் துறையின் எதிர்காலம்" என்று கருத்தரங்கு நடத்தினால் ரோபோ, செயற்கை நுண்ணறிவு, டிஜிட்டல் ட்வின் என்று ஸ்லைடு ஓடும். நானே அப்படிச் சில ஸ்லைடு செய்து கொடுத்திருக்கிறேன், பாவம் தீரட்டும். ஆனால் கோவையைப் பொறுத்தவரை கேள்வி அங்கே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்து ஹெச்.பி. மோட்டாருக்குள் இருக்கும் ஓர் உருளை மாறப்போகிறது. அந்த உருளையைச் சுற்றித்தான் எங்கள் ஊரின் பாதிப் பட்டறைகள் இருக்கின்றன.

கிணறு இழுத்துவந்த தொழில்

கோவைக்கு ஏன் பம்ப் வந்தது? துறைமுகம் இல்லை, இரும்புச் சுரங்கம் இல்லை, நிலக்கரி இல்லை. இருந்தது கரிசல் மண், பருத்தி, பாறைக்குள் வெட்டிய ஆழக் கிணறு. 1888-ல் ஸ்டேன்ஸ் நூற்பாலை வந்தது. அதன் பின்னால் வரிசையாக மில்கள். மில் இருந்தால் உதிரிபாகம் வேண்டும், உதிரிபாகத்துக்கு லேத்தும் வார்ப்படமும் வேண்டும். இது ஒரு வழி. இன்னொரு வழி விவசாயம். கவலை கட்டி மாடு பூட்டி நீர் இறைத்த கிணறுகளுக்கு, 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து உருவாக்கிய மோட்டாரை இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று சொல்கிறோம். இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி நின்றுபோனது. வெளிநாட்டு உதிரிபாகத்தைப் பார்த்து இங்கேயே செய்துகொள்ளும் பழக்கம் அப்போது இன்னும் வலுப்பட்டது.

அதற்குப் பிறகு பம்பின் வடிவத்தைத் தீர்மானித்தது தண்ணீர்மட்டம்தான். தரையில் உட்கார்ந்து உறிஞ்சும் பம்பால், எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும், சுமார் பத்து மீட்டருக்குக் கீழே இருக்கும் தண்ணீரை எடுக்கவே முடியாது. காற்றழுத்தம் அவ்வளவுதான் தள்ளும், நடைமுறையில் ஆறேழு மீட்டர்தான். மட்டம் இறங்க இறங்க மோட்டாரைக் கிணற்றுக்குள் படி கட்டி இறக்கினார்கள். பிறகு போர்வெல் வந்தது. மோட்டாரையே தண்ணீருக்குள் முக்கிவிடும் நீர்மூழ்கி பம்ப் வந்தது. கொங்குப் பக்கம் 800 அடி, 1000 அடி என்பதெல்லாம் இப்போது சாதாரணப் பேச்சு. ஒவ்வொரு முறை மட்டம் இறங்கும்போதும் விவசாயி புது பம்ப் வாங்கினான், பட்டறைக்கு வேலை வந்தது. பெருமைப்பட்டுக்கொள்ள முடியாத ஒரு கணக்கு இது. ஆனாலும் கணக்கு.

ஒரு பம்ப் எப்படி உருவாகிறது என்று பார்த்தால்தான் இந்த ஊர் புரியும். பேட்டர்ன் ஒருவர் செய்வார். பவுண்டரி ஒருவருடையது. வார்த்து வந்த கூட்டை லேத்தில் கடைந்து கொடுப்பவர் மூன்றாமவர். சிலிக்கான் ஸ்டீல் தகட்டை வெட்டும் ஸ்டாம்பிங் ஒரு இடம், அதற்கு டை செய்பவர் வேறு இடம். அடுக்கிய தகடுகளுக்குள் அலுமினியத்தை அழுத்தி ஊற்றி ரோட்டர் செய்வது இன்னொரு இடம். ஷாப்ட், வைண்டிங், பெயின்ட், பெட்டி என்று கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சின்னவேடம்பட்டி, சிங்காநல்லூர் எல்லாம் டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் சுற்றிவிட்டுத்தான் அது ஒரு பம்பாகிறது. பெரிய கம்பெனிகள் உண்டு, எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் செய்பவர்களும் உண்டு. ஆனால் ஊரின் பலம் இந்தச் சந்துகள்தான். ஒருவர் நாலு லேத்தோடு தொழில் தொடங்க முடிந்ததற்குக் காரணம், மீதி எல்லாம் பக்கத்துத் தெருவில் கிடைத்ததுதான்.

என் மாமாவின் இடம் இதில் ரோட்டர். வார்த்து வரும் ரோட்டரை ஷாப்ட்டில் ஏற்றி, மைக்ரான் கணக்கில் கடைந்து, பேலன்ஸ் பார்த்து அனுப்புவது. மூன்று லேத், ஒரு கிரைண்டிங், ஐந்து பேர். அதில் மூன்று பேர் ஒடிசாக்காரர்கள். முப்பத்திரண்டு வருடமாக இதே வேலை.

உருளைக்குள் என்ன நடக்கிறது

இப்போது கொஞ்சம் டெக்னிக்கலாகப் போகலாம். பொறுத்துக்கொள்ளுங்கள், மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கு.

வழக்கமான மோட்டாருக்கு இண்டக்‌ஷன் மோட்டார் என்று பெயர். வெளியே அசையாமல் இருப்பது ஸ்டேட்டர். அதில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். மூன்று பேஸ் மின்சாரம் அதில் பாயும்போது உள்ளே ஒரு காந்தப்புலம் சுழல ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் ரோட்டரில் காந்தமும் இல்லை, அதற்கு எந்த வயரும் போகவில்லை. இரும்புத் தகடுகளுக்குள் அலுமினியக் கம்பிகள் ஒரு கூண்டு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். சுழலும் புலம் இந்தக் கம்பிகளைக் கடக்கும்போது அவற்றில் மின்சாரம் தூண்டப்படும். அந்த மின்சாரம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, வெளிப்புலத்தைத் துரத்திக்கொண்டு ரோட்டர் ஓடும். ஆனால் எட்டிப் பிடிக்கவே கூடாது. பிடித்துவிட்டால் கம்பிகளை எதுவும் கடக்காது, மின்சாரம் இல்லை, விசை இல்லை. அதனால்தான் 3000 சுற்று ஓட வேண்டியது 2850 பக்கம் ஓடுகிறது.

எவ்வளவு முரட்டுத்தனமான, எவ்வளவு அருமையான இயந்திரம் பாருங்கள்! எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. லைனில் நேராகக் கொடுத்தால் ஓடும். வோல்டேஜ் குறைந்தாலும் முனகிக்கொண்டே ஓடும். காயில் எரிந்தால் பக்கத்து ஊர் வைண்டர் ஒரே நாளில் சுற்றிக் கொடுப்பார். குறை ஒன்றுதான். ரோட்டருக்குள் ஓடும் அந்த மின்சாரம் கொஞ்சத்தை வெப்பமாகத் தின்றுவிடும்.

ரோட்டரில் நிரந்தரக் காந்தத்தை வைத்துவிட்டால் அந்த இழப்பு போய்விடும். ஆனால் இந்த மோட்டாரை லைனில் நேராகக் கொடுத்தால் ஓடாது, அதிரும். ரோட்டர் இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்ப ஸ்டேட்டருக்கு மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்க ஒரு கன்ட்ரோலர் வேண்டும். பி.எல்.டி.சி. என்று பேன் பெட்டியில் போட்டிருக்கிறார்களே, இதுதான்.

வித்தியாசம் எவ்வளவு? ஒரு சின்ன கணக்கு. 5 ஹெச்.பி. என்றால் 3.7 கிலோவாட். மோட்டாரின் திறன் 80 சதவீதம் என்றால் உள்ளே இழுப்பது 4.6 கிலோவாட், 90 சதவீதம் என்றால் 4.1. அரை கிலோவாட் மிச்சம். வருடத்துக்கு 1500 மணி நேரம் ஓடினால் 770 யூனிட் பக்கம்.

இது தமிழ்நாட்டு விவசாயிக்கு எத்தனை ரூபாய்? பூஜ்யம். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. இருபது லட்சத்துக்கும் மேல் பம்ப் இணைப்புகள். அது சரியா தவறா என்பது வேறு விவாதம், எனக்கு அதில் ஒரு பக்கமாகத் தீர்ப்புச் சொல்லத் தைரியம் இல்லை. மழை பொய்த்த வருடத்தில் கரண்ட் பில்லும் கட்டு என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் பட்டறைக்கு அது என்ன செய்தது என்று பார்க்கலாம். பம்புக்குக் காசு கொடுப்பவர் கரண்டுக்குக் காசு கொடுப்பதில்லை. அப்படியென்றால் அவர் திறனைப் பார்க்க மாட்டார். விலை பார்ப்பார், தண்ணீர் நிறைய வருகிறதா பார்ப்பார், லோ வோல்டேஜில் எரியாமல் இருக்குமா பார்ப்பார். பெயர்ப்பலகையில் 5 என்று இருக்கும், உள்ளே 7.5 இருக்கும். இதெல்லாம் ஊரறிந்த ரகசியம். முப்பது வருடமாக எங்கள் ஊர் ஆட்கள் அந்தச் சந்தைக்கு மிகச் சரியாகப் பொருந்தும் இயந்திரத்தைச் செய்தார்கள். திறமைக் குறைவு இல்லை அது. கேட்டதைக் கொடுத்தார்கள்.

சோலார் வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. 2019-ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தில் பேனலும் சேர்த்துத்தான் பம்ப் விற்பனை. மோட்டார் ஒரு வாட் அதிகம் தின்றால், ஒரு வாட் பேனல் அதிகம் வாங்க வேண்டும். அரசின் விவரக்குறிப்பே ஒரு வாட் பேனலுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்றுதான் அளக்கிறது. மேகம் வந்தால் வேகத்தைக் குறைத்து, வெயில் வந்தால் ஏற்றி, கிடைக்கும் வெளிச்சத்தில் அதிகபட்சத்தை உறிஞ்ச வேண்டும். அத்தனையும் கன்ட்ரோலர் வேலை. போதாததற்கு, பம்ப் ஓடுகிறதா இல்லையா என்று சிம் கார்டு வழியாக சர்வருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். பம்புக்குள் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று நான் சொல்வது உவமை இல்லை.

பேன் சொன்ன சேதி

இது நடக்க இருபது வருடம் ஆகும், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பேன் சந்தையைப் பார்த்த பிறகுதான் மாற்றிக்கொண்டேன்.

சீலிங் பேன் என்பது நூறு வருடமாக மாறாத பொருள். 75 வாட் தின்னும் இண்டக்‌ஷன் மோட்டார், நாலைந்து பெரிய பெயர்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் தொடங்கிய ஆட்டம்பெர்க், 28 வாட் பி.எல்.டி.சி. பேனை 2015 வாக்கில் கொண்டுவந்தபோது விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. யார் வாங்குவார்கள் என்று நினைத்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் சீலிங் பேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம் என்று வந்தது. இன்று எந்தக் கடைக்குப் போனாலும் எல்லாப் பழைய பெயர்களும் பி.எல்.டி.சி. வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியது பழைய ஆட்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். மோட்டார் செய்வதில் ஆழ்ந்த அனுபவம் உள்ளவர்களை, கன்ட்ரோலர் தெரிந்தவர்கள் முந்தினார்கள்.

மின்வண்டியிலும் ஒரு கதை இருக்கு. ஆம்பியர் என்ற மின் ஸ்கூட்டர் கம்பெனி 2008-ல் கோவையில்தான் தொடங்கியது. பின்னால் கிரீவ்ஸ் வாங்கியது. 2021-ல் பெரிய தொழிற்சாலை ராணிப்பேட்டையில் வந்தது. முதலில் ஆரம்பித்த ஊர் என்பதற்காக எதுவும் ஓர் ஊரிலேயே தங்கிவிடாது.

ஆனாலும் பம்பை மின்வண்டியோடு ஒப்பிட்டுப் பயப்படத் தேவையில்லை. வண்டி மின்சாரத்துக்கு மாறினால் பிஸ்டன், கிராங்க், கார்புரேட்டர், கியர்பாக்ஸில் பாதி என்று வரிசையாகப் பாகங்களே காணாமல் போகும். பம்பில் அப்படி இல்லை. கூடு வேண்டும், இம்பெல்லர் வேண்டும், ஷாப்ட் வேண்டும், ஸ்டேட்டர் தகடும் செம்பும் வேண்டும். பவுண்டரிக்காரர் தூங்கலாம். மாறுவது ரோட்டரும், ஸ்டார்ட்டர் பெட்டியும். ரோட்டருக்குள் சீனக் காந்தம் வரும், ஸ்டார்ட்டர் இருந்த இடத்தில் கன்ட்ரோலர் வரும். எடையில் பார்த்தால் சின்ன மாற்றம். ஆனால் லாபம் தங்கும் இடம் அந்த இரண்டும்தான். மீதி எல்லாம் கிலோ கணக்கில் பேரம் பேசி வாங்கும் சரக்காகிவிடும். கிலோ கணக்கில் பேரம் என்று வந்தால் ராஜ்கோட்காரர்கள் எங்களைவிடக் குறைந்த விலைக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள்.

மாமாவின் அறுபது மாதம்

இப்போது மாமாவுக்கு வருகிறேன். அவருக்கு வயது 61. அவருக்கு அதிக வேலை கொடுக்கும் கம்பெனி, பெயர் வேண்டாம், போன வருடம் ஒரு யோசனை சொன்னது: "பழைய லேத்தை வெச்சுட்டு எவ்வளவு நாளைக்கு ஓட்டுவீங்க? ஒரு சி.என்.சி. போடுங்க, ரெண்டு ஷிப்ட்டுக்கு வேலை தர்றோம்." எழுத்தில் எதுவும் இல்லை. வாய்வார்த்தை. மாமா கொட்டேஷன் வாங்கி வந்தார். மெஷின், டூலிங் எல்லாம் சேர்த்து 24 லட்சம்.

நான் எக்செல்லில் போட்டுக் காட்டினேன். பதினொரு சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 52,000 ரூபாய். கம்பெனி சொன்ன ரேட் மணிக்கு 300. ஒரு ஷிப்ட், மாதம் 25 நாள் என்றால் 200 மணி நேரம், 60,000 ரூபாய். தவணை போக மிச்சம் 8,000. அதில் ஆப்பரேட்டர் சம்பளம் கூடக் கட்டாது. இரண்டு ஷிப்ட் ஓடினால் மிச்சம் 68,000, அதில் இரண்டு ஆள், கரண்ட், இன்செர்ட், ஆயில். ஒரு மாதம் கூட இடைவெளி இல்லாமல் அறுபது மாதம் இப்படி ஓடினால்தான் மெஷின் சொந்தம்.

ஜாப் வொர்க் என்பதன் கூரான முனை இதுதான். பொருளை விற்பதில்லை, மெஷின் மணியை விற்கிறீர்கள். வரைபடம் அவர்களுடையது, இரும்பு அவர்களுடையது, வாடிக்கையாளர் அவர்களுடையவர். ரிஸ்க் மட்டும் உங்களுடையது. பணம் வருவது தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள். சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடு என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. கொடுக்காவிட்டால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் அந்த வருடம் கழித்துக்கொள்ள முடியாது என்று 2024 ஏப்ரலில் ஒரு கொக்கியும் போட்டார்கள். மாமா சந்தோஷப்பட்டார். அடுத்த வாரம் அந்தக் கம்பெனி அக்கவுன்ட்ஸிலிருந்து போன் வந்தது. "பில்லை ரெண்டு மாசம் தள்ளித் தேதி போட்டுக் கொண்டாங்க." சட்டம் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் எண்ணச் சொல்கிறது, ஆனால் பில்லில் இருக்கும் தேதியை வைத்துத்தானே கணக்கு எழுதுவார்கள்! புகார் கொடுக்கலாமே என்றேன். "கொடுத்துட்டு அடுத்த நாள் யாருகிட்டப் போயி நிக்கறது?" என்றார். இதற்கு எக்செல்லில் கட்டம் கிடையாது.

இதன் மேல் 2022 செப்டம்பரில் ஏறிய மின்கட்டணம். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணமும், உச்சநேரக் கட்டணமும் சிறு பட்டறைகளை எவ்வளவு கடித்தது என்றால், மறு வருடம் செப்டம்பரில் மாநிலம் முழுக்க ஒரு நாள் ஷட்டரை இறக்கிப் போராடினார்கள்.

ஆனால் இதெல்லாவற்றையும்விட எனக்கு உறுத்தியது வேறு கேள்வி. அந்த சி.என்.சி. கடையப்போவது அலுமினியக் கூண்டு ரோட்டரை. அறுபது மாதம் கழித்து அந்த ரோட்டர் இருக்குமா? இருக்கும், ஆனால் இன்றைய எண்ணிக்கையில் இருக்குமா? மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பேச்சை மாற்றுகிறாரோ என்று நினைத்தேன். மறுநாள் காலையில் போனில், "காந்தம் வெச்சா தண்ணிக்குள்ள துருப்புடிக்குமே, அதுக்கு என்ன பண்றாங்க?" என்று கேட்டார்.

துருப்பிடிக்கிற காந்தம்

நல்ல கேள்வி. எங்கள் ஊர் நீர்மூழ்கி மோட்டார்களில் பெரும்பாலானவை உள்ளேயே தண்ணீர் நிரப்பியவை. செம்புக் கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் சுற்றுவார்கள். ரோட்டர் தண்ணீரில் நனைந்தபடியே ஓடும். நியோடிமியம் காந்தம் தண்ணீர் பட்டால் உதிர்ந்து பொடியாகிவிடும். அதனால் பூச்சுப் பூசி, ஸ்டெயின்லெஸ் உறை போட்டு, வெல்டிங் செய்து அடைக்க வேண்டும். இந்த அடைக்கும் வேலை, துல்லியமாகக் கடையும் வேலை, கோவை ஆட்களுக்குக் கைவந்தது.

பெரிய தலைவலி காந்தம் எங்கிருந்து வருகிறது என்பது. உலகின் நியோடிமியம் காந்தத்தில் சுமார் 90 சதவீதம் சீனாவில் செய்யப்படுகிறது. 2025 ஏப்ரலில் டெர்பியம், டிஸ்புரோசியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் உலோகங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி அனுமதி கட்டாயமாக்கியது. சூட்டில் காந்தம் வலுவிழக்காமல் இருக்கச் சேர்ப்பது இந்த இரண்டைத்தான். இந்திய வண்டிக் கம்பெனிகள் பதறின. அந்த வருடம் நவம்பரில் இங்கேயே காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை ஏற்றது. மூலப்பொருளான மோனசைட் நம்ம மணவாளக்குறிச்சி மணலிலேயே இருக்கு. மணலில் இருப்பதற்கும் காந்தமாவதற்கும் நடுவே பல படி வேதியியல் இருக்கிறது, அதில் சில வருடங்கள் போகும்.

இங்கேதான் நான் தேடிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. சிங்க்ரனஸ் ரிலக்டன்ஸ் மோட்டார். பெயர் பயமுறுத்தும், விஷயம் எளிது. இதன் ரோட்டரில் காந்தமும் இல்லை, அலுமினியமும் இல்லை. வெறும் இரும்புத் தகடுதான். ஆனால் ஒவ்வொரு தகட்டிலும் வில் வடிவத்தில் பிளவுகள் வெட்டியிருப்பார்கள். காந்தப்புலம் இரும்பு வழியாகப் போகத்தான் விரும்பும், காற்று இடைவெளியைத் தாண்ட விரும்பாது. அதனால் ரோட்டர் எப்போதும் தன் இரும்புப் பாதை புலத்தோடு ஒத்துப்போகும்படி திரும்பிக்கொண்டே இருக்கும். புலம் சுழன்றால் இதுவும் சுழலும். ரோட்டரில் மின்சாரம் ஓடாததால் அந்த வெப்ப இழப்பு ஏறக்குறைய இல்லை. ஏ.பி.பி. கம்பெனி 2011-லேயே இதை வியாபாரமாகக் கொண்டுவந்துவிட்டது.

குறைகள் உண்டு, மறைக்கக் கூடாது. கன்ட்ரோலர் இல்லாமல் ஓடாது. பவர் பேக்டர் குறைவு, அதனால் கன்ட்ரோலர் கொஞ்சம் பெரிதாக வேண்டும். நம் பம்புகள் 3000 சுற்று ஓடும் இரண்டு போல் மோட்டார்கள். இரண்டு போலில் இந்த ரோட்டரைச் செய்வது கஷ்டம், நடுவில் ஷாப்ட் வந்து பாதையை மறைக்கும். ஆனால் கன்ட்ரோலர்தான் இருக்கிறதே, 50 ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. நாலு போலாக வைத்து 100 ஹெர்ட்ஸ் கொடுத்தால் அதே 3000 சுற்று. அதற்கு அரை மில்லிமீட்டர் தகடு சூடாகும், 0.35 வேண்டும். சக்தி போதாவிட்டால் பிளவுகளுக்குள் விலை குறைந்த பெரைட் காந்தம் சொருகலாம்.

யோசித்துப் பாருங்கள். அரிய மண் வேண்டாம், அலுமினியம் வேண்டாம், தகட்டில் நுணுக்கமாக வெட்டத் தெரிந்தால் போதும் என்ற ரோட்டர் யாருக்குச் சாதகம்? டை செய்யவும் ஸ்டாம்பிங் அடிக்கவும் மூன்று தலைமுறையாகத் தெரிந்த ஊருக்கு. மீதி இருப்பது கன்ட்ரோலர், அதில் பாதி ஹார்டுவேர், பாதி சாப்ட்வேர். கணபதியிலிருந்து சரவணம்பட்டி எத்தனை கிலோமீட்டர்? ஒரு பக்கம் லேத் சத்தம், இன்னொரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்களில் என்னைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கோட் எழுதிக்கொண்டு. நாங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டறைக்காரர்களின் பிள்ளைகள்தான். நடுவில் சத்தி ரோடு டிராபிக் மட்டும்தான் இருக்கு. இருபது வருடமாக இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. என் பங்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த ஊர் முன்பு இப்படிச் சேர்ந்து செய்திருக்கிறது. மில்களுக்காக 1956-ல் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் வந்தது. தனித்தனியாகச் சோதனைக்கூடம் கட்ட வசதியில்லாத பம்ப்காரர்களுக்காக ஆவாரம்பாளையம் ரோட்டில் சிட்டார்க் வந்தது. அதேபோல, சிறு பம்ப் கம்பெனிகள் எல்லாரும் எடுத்துத் தங்கள் மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் ஒரு பொதுவான கன்ட்ரோலர் வடிவமைப்பு, அதன் சர்க்யூட்டும் கோடும் திறந்தபடி இருந்தால் என்ன? சிப்பின் எண்ணைச் சுரண்டத் தேவையில்லாத ஒரு போர்டு. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கணிதம் ரகசியம் இல்லை, பாடப்புத்தகத்தில் இருக்கு. திறந்த மூலநிரல்களும் இருக்கின்றன. கஷ்டமானது, அதை மே மாத வெயிலில், எலி கடித்த வயரில், மின்னல் அடிக்கும் தோட்டத்தில் ஐந்து வருடம் ஓட வைப்பது. அந்த அறிவு சரவணம்பட்டியில் இல்லை, வைண்டர்களிடம் இருக்கிறது. எந்தப் போர்டு எங்கே எரிகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

மாமா சி.என்.சி. வாங்கவில்லை. கம்பெனிக்காரர்களிடம் "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லியிருக்கிறார். அதன் பிறகு வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக ஒரு லேத் துணி போர்த்தியே இருக்கு. என் கணக்கை நம்பி அவர் எடுத்த முடிவு. கணக்குத் தப்பாக இருந்தால் அந்தத் துணிக்கு நான்தான் பொறுப்பு.

ஒரு வேலை மட்டும் ஆரம்பித்திருக்கிறோம். ரிலக்டன்ஸ் ரோட்டர் தகட்டின் படத்தை, இலவச மென்பொருளில் காந்தப்புலக் கணக்குப் போட்டு வரைந்தேன். டை செய்ய லட்சக்கணக்கில் ஆகும், அதனால் வொயர்கட்டில் ஒரே ஒரு ரோட்டருக்கான தகடு மட்டும் அடுக்கி வெட்டலாம் என்று மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மூலையெல்லாம் இவ்வளவு கூரா வெச்சா வேகத்துல பிச்சுக்கும், ஒரு ரேடியஸ் குடுங்க" என்று பென்சிலால் திருத்திக் கொடுத்தார். அவர் சொன்னபடி திருத்திவிட்டு மறுபடி கணக்குப் போட்டால், டார்க் கொஞ்சம்தான் குறைகிறது. ஸ்டேட்டர் ஒரு பழைய நாலு போல் மோட்டாருடையது, வைண்டர் இலவசமாகக் கொடுத்தார். எரிந்துபோன அந்த கன்ட்ரோலரின் அலுமினியக் கூட்டை மாமா தூக்கிப்போடவில்லை. கழுவித் துடைத்து வைத்திருக்கிறார், நம் போர்டை அதில்தான் போட வேண்டுமாம். தகடு வருகிற வியாழக்கிழமை வருகிறது. சுற்றினால் இங்கே எழுதுகிறேன், சுற்றாவிட்டாலும் ஏன் சுற்றவில்லை என்று எழுதுகிறேன்.